விழுந்தவனும் ஓடியவனும்

வன்னி மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவர்களது வீதிகளின் வரலாற்றையும் சேர்த்தே எழுதவேண்டும். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலை வவுனியாவையும் மாங்குளத்தையும் கிளிநொச்சியையும் ஊடறுத்துச் செல்கிறது. போர்க்காலத்தில் அது நெடுங்காலம் மூடிக்கிடந்தது; 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தோடு திறந்தது; 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடியது; 2009இல் போர் முடிந்த பின்னரே மறுபடியும் திறந்தது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதியோ, 2009இன் முதல் மாதங்களில், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எனக் கிழக்கு நோக்கி மூட்டைமுடிச்சுகளோடு நகர்ந்த மக்கள் வெள்ளத்தைத் தன்மீது சுமந்தது. வீதி திறந்தால் அரிசி வரும், மருந்து வரும், மகன் வருவான். வீதி மூடினால் யாவும் நின்றுபோகும். இவ்வாறு வாழ்ந்து பழகிய மக்களுக்கு வீதியின்பால் ஒரு தனிப் பற்று இருப்பதில் வியப்பில்லை.

இன்று அவ்வீதிகள் அகலமாக்கப்பட்டு, கண்ணாடிபோல் வழவழக்கின்றன. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே இரவிரவாக ஓடும் சொகுசு பஸ்களும், மணலும் கிரவலும் ஏற்றிய டிப்பர்களும், நெல்மூட்டை சுமந்த உழவு இயந்திரங்களும், இராணுவ வாகனங்களும், பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளின் சைக்கிள்களும், அந்தியில் பட்டி திரும்பும் மாடுகளும் ஒரே தாரின்மீது ஒன்றையொன்று முந்துகின்றன. நகரத்து எல்லையைத் தாண்டினால் வீதிவிளக்கு அரிது. நடப்பவர்க்கென்று தனிப் பாதையும் அரிது. பிள்ளைகள் நிலைமையை உணர்ந்து ஒருவர் பின் ஒருவராய்ச் சைக்கிள் மிதிக்கக் கற்றிருக்கிறார்கள். எனினும், ஆண்டு ஒன்று கழிந்து வகுப்பேட்டைப் புரட்டும்போது, ஏதேனும் ஒரு பெயருக்கு நேரே 'தந்தை காலமானார்' எனச் சிவப்பு மையால் குறிக்கவேண்டிய நிலை எமக்கு நேர்ந்துகொண்டேயிருக்கிறது. போர் முடிந்த பின்னரும் அக்குறிப்பு நின்றபாடில்லை.

இலங்கையின் வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். உலக முழுவதிலும் 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதியில் மாண்டனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவர்களிற் பத்தில் ஒன்பது பேர் வறிய, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். இம்மரணங்களுள் நெஞ்சை மிகவும் சுடுவது, மோதியவன் நில்லாது ஓடிவிட, விழுந்தவன் வீதியோரத்தில் தனியே கிடந்து சாகும் மரணமே. அண்டை நாடாகிய இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் இவ்வாறு மோதிவிட்டு ஓடிய வாகனங்களால் 30,486 பேர் இறந்ததாக அந்நாட்டு அரசின் கணக்கே கூறுகிறது.

இத்தகைய சாவு ஒன்று நிகழும்போதெல்லாம் ஊரில் எழும் முதற் குரல், 'சட்டத்தைக் கடுமையாக்கு' என்பது. ஊர்வலங்களிலும் அதனைக் கேட்கிறோம், பத்திரிகைகளிலும் படிக்கிறோம், எமது மாணவர் விவாத மேடைகளிலும் மிகுந்த கைதட்டலைப் பெறுவது இக்கட்சிதான். அந்தக் குரலில் உள்ள துயரையும் நியாயத்தையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும், தண்டனையை ஏற்றிக்கொண்டே போவதற்கு ஒரு விலை உண்டு. அவ்விலையை இறுதியில் செலுத்துவோர் பெரும்பாலும் ஏழை மக்களே என்பதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது எமது கருத்து.

எமக்கு நேரே தெரிந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லுகிறோம்.

சில ஆண்டுகளின் முன், மாரி தொடங்கியிருந்த காலத்தில், விடியுமுன் சைக்கிளில் பால் கொண்டு சென்ற மனிதர் ஒருவரை டிப்பர் ஒன்று மோதித் தள்ளிவிட்டுச் சென்றது. பனியும் இருளும் மண்டியிருந்தமையால் அவர் வாய்க்காலோரம் கிடந்ததைக் கண்டவர் எவருமிலர். பொழுது புலர்ந்த பிறகே அவ்வழியே வந்த ஓர் உழவு இயந்திரக்காரர் பால் சிந்திக் கிடந்ததைக் கண்டு இறங்கிப் பார்த்தார். வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும்போது உயிர் இருந்தது. மதியத்துக்கு முன் பிரிந்துவிட்டது. குருதி பெருகியதே காரணம் என்றும், நேரத்தோடு வந்திருந்தால் பிழைக்க இடமிருந்தது என்றும் சொன்னார்கள். அவருடைய மூத்த மகள் அப்போது எமது பாடசாலையில் பத்தாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் சட்டத்தரணி ஒருவருடன் வந்து சரணடைந்த சாரதி இருபத்துமூன்று வயது இளைஞன். அவனும் எமது பாடசாலையிற் படித்தவனே. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டு, பிறர் வண்டியை ஓட்டி, தாயையும் இரு தங்கையரையும் காத்துவந்தான். பிணையில் வந்த பின்னர் அவன் எம்மைக் காண வந்தான். கடிந்துகொள்ளும் எண்ணத்தோடுதான் கதவைத் திறந்தோம். அவன் முற்றத்திலேயே நின்றான். உள்ளே வர மறுத்துவிட்டான்.

"அரைக் கட்டை தாண்டி நிப்பாட்டினன் சேர். இறங்கித் திரும்பிப் போவமோ எண்டு நிண்டனான். சனம் கூடினால் அடிச்சே கொண்டுபோடும் எண்டு பயம். பொலிசுக்குப் போனால் பேர்மிட்டில உள்ளதைவிடக் கூட மணல் கிடக்கு எண்டு பிடிப்பாங்கள். முதலாளி வண்டியைக் குடுக்கமாட்டார். என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல. எடுத்துக்கொண்டு வந்திட்டன்."

முதலாளி அன்றிரவு சொன்ன புத்திமதியையும் அவன் மறைக்கவில்லை. முன்விளக்கை மாற்று, வண்டியைக் கழுவு, வாயை மூடு என்பது முதல் நாட் புத்திமதி. ஊரில் பேச்சு எழுந்தபின், அன்று வண்டி யார் கையில் இருந்ததென்று தமக்குத் தெரியாது என்பது மூன்றாம் நாட் புத்திமதி.

இறந்தவருடைய மனைவியையும் நாம் கண்டோம். அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஓடினவனை ஆயுசு முழுக்க உள்ள வைச்சாலும் எனக்கு ஆறாது சேர். ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்லாமல் கிடந்தாரே, அதுதான் நெஞ்சுக்குள்ள நிக்குது."

இவ்விரு கூற்றுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். அத்தாய் கேட்டது, அந்த நாழிகையில் ஒருவன் நின்றிருக்க வேண்டும் என்பது. சட்டத்தின் தலையாய நோக்கமும் அதுவாகவே இருத்தல் வேண்டும். நிற்கவேண்டியவனை நிற்கச் செய்யும் சட்டம் நல்ல சட்டம். அவனை இன்னும் வேகமாக ஓடச் செய்யுமாயின், அது எத்துணைக் கடுமையானதாயினும் அத்தாய்க்கு உதவாத சட்டமே.

தப்பியோடுதல் என்பது ஒரே செயல்போலத் தோன்றினும், அதனுள் இரண்டு வேறு கணங்கள் உள்ளன. முதலாவது, மோதிய கணம். அப்போது மனிதன் சட்டப்புத்தகத்தை எண்ணுவதில்லை. இரண்டு ஆண்டா, பத்து ஆண்டா என்று கணக்குப் பார்ப்பதுமில்லை. அச்சமே அவனை ஆட்டிவைக்கிறது. இரண்டாவது, ஓடிய பின்னர் வரும் மணிகளும் நாட்களும். அப்போதுதான் கணக்கு தொடங்குகிறது. முதலாளியும் உறவினரும் தரகர்களும் வந்து சேர்கிறார்கள். தண்டனையின் எண்ணிக்கை அவன் காதில் விழுவது அப்போதே. அவ்வெண் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு மறைக்கும் ஊக்கமும் பெரிதாகும். ஆகவே கடுமையான தண்டனை, அது வேலைசெய்ய வேண்டிய முதற் கணத்தில் வேலைசெய்யாது, வேலைசெய்யக்கூடாத இரண்டாம் கணத்தில் வேலைசெய்கிறது. அரைக் கட்டை தூரத்தில் வண்டியை நிறுத்தி, திரும்புவதா என்று தயங்கி நின்ற இளைஞனுக்குச் சட்டம் சொல்லவேண்டியிருந்த சொல் ஒன்று இருந்தது. அச்சொல்லை எந்தச் சட்டமும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

இனி, இந்தியாவில் நிகழ்ந்ததைப் பார்ப்போம். அங்கு 1860ஆம் ஆண்டின் பழைய தண்டனைச் சட்டத்தின்படி, கவனயீனத்தால் மரணம் விளைவித்தவனுக்குரிய உச்சத் தண்டனை இரண்டு ஆண்டுச் சிறையாக இருந்தது. 2023 டிசம்பரில் நிறைவேற்றப்பட்ட பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய சட்டத்தின் 106ஆம் பிரிவு இதனை ஐந்து ஆண்டாக்கியது. அத்துடன், கவனயீனமாக ஓட்டி மரணம் விளைவித்த சாரதி, பொலிசாருக்கோ நீதவானுக்கோ உடனடியாக அறிவியாமல் ஓடினால், பத்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் என அதன் இரண்டாம் உட்பிரிவு விதித்தது. 2024ஆம் ஆண்டின் முதல் நாளே லொறிச் சாரதிகள் பல மாநிலங்களில் வண்டிகளை நிறுத்தினர். எண்ணெய்த் தாங்கி வண்டிகளும் நின்றன. எரிபொருள் நிலையங்களின் முன் நெடிய வரிசைகள் தோன்றின. சண்டிகார் நகரில் மோட்டார் சைக்கிளுக்கு 2 லீற்றர், காருக்கு 5 லீற்றர் என அளந்து விற்கும் நிலை வந்தது. ஜனவரி 2ஆம் நாள் இரவு உள்துறைச் செயலாளர் போக்குவரத்துச் சங்கத்தாருடன் பேசி, கலந்தாலோசியாமல் அவ்விதி நடைமுறைக்கு வராது என உறுதியளித்தார். 2024 ஜூலை 1ஆம் நாள் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அந்த ஓர் உட்பிரிவு மட்டும் வெளியே நிறுத்தி வைக்கப்பட்டது.

சாரதிகள் கேட்ட கேள்வி மிக எளியது. நின்றால் கூட்டம் அடிக்கும். ஓடினால் சட்டம் அடிக்கும். நாங்கள் எங்கே போவது? பெரிய வண்டியும் சிறிய வண்டியும் மோதினால், பிழை எவருடையதாயினும் பெரிய வண்டிக்காரனே கல்லடி படுகிறான் என்பது எமது நாட்டிலும் கண்கூடு. கூட்டத்தின் சீற்றம் ஒரு மெய்யான ஆபத்து என்பதை இந்திய மோட்டார் வாகனச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது சாரதியின் கடமை என்று கூறும் அச்சட்டத்தின் 134ஆம் பிரிவு, மக்கள் கொந்தளிப்பால் அஃது இயலாமற்போகும் நிலைக்கு விலக்கும் அளித்துள்ளது. நாடு முழுவதையும் இரண்டு நாள் ஸ்தம்பிக்கச் செய்த ஒரு விதி, ஒருவரையும் காப்பாற்றாமலே கிடப்பிற் போடப்பட்டது. அவ்விரண்டு நாட்களில் வேலைக்குச் செல்ல இயலாத கூலியாளும், சந்தைக்கு அனுப்பிய மரக்கறி வழியில் வாடக் கண்ட விவசாயியும் இழந்ததை எவரும் கணக்கிற் சேர்க்கவில்லை.

ஜப்பானின் அனுபவம் இன்னொரு பாடத்தைத் தருகிறது. மது அருந்தி வண்டியோட்டி உயிர்ப்பலி வாங்குவோருக்கு அங்கே 2001ஆம் ஆண்டில் மிகக் கடுமையான புதிய தண்டனை ஏற்படுத்தப்பட்டது. 2006 ஆகஸ்டில் ஃபுகுவோகா நகரில், குடித்திருந்த ஒருவர் பாலத்தின்மீது முன்சென்ற காரை இடித்துக் கடலில் வீழ்த்தினார்; அக்காரில் இருந்த மூன்று சிறு குழந்தைகள் மாண்டனர். இடித்தவர் நில்லாது ஓடினார். பின்னர் நிறையத் தண்ணீர் குடித்து, தம் உடலில் இருந்த மதுவின் அளவைக் குறைத்துக் காட்ட முயன்றார். குடித்திருந்ததற்குரிய தண்டனை மிகப் பெரிதாகிவிடவே, குடி தெளியும்வரை ஒளிந்திருப்பது இலாபம் என்னும் கேடான கணக்கு உருவாயிற்று. இந்த 'ஓடினால் இலாபம்' என்னும் ஓட்டையை அடைக்க 2013ஆம் ஆண்டில் இன்னொரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. மனிதன் பெரும்பாலும் ஓடுவது மோதலை மறைக்க மட்டுமன்று. மோதலோடு சேர்ந்து வெளிப்படக்கூடிய வேறொன்றை மறைக்கவே. ஜப்பானியனுக்கு அது மதுவாக இருந்தது. எமது வன்னி இளைஞனுக்கோ அது அனுமதிப்பத்திரத்தில் உள்ளதைவிடக் கூடுதலாக ஏற்றிய மணலாக இருந்தது, அம்மணலும் அவனுடையதன்று.

தண்டனையின் கடுமையைவிட அதன் நிச்சயமே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764ஆம் ஆண்டிலேயே எழுதினார். வன்னி மக்கள் இதனை நூலிற் படிக்கவேண்டியதில்லை. 2002க்கும் 2006க்கும் இடையில் ஏ-9 வீதியிற் பயணம் செய்தோர், வேகங்காட்டும் கருவியோடு நின்ற புலிகளின் காவற்றுறையினரை நினைவுகூர்வர். வேகத்தை மீறியவன் பிடிபடுவான் என்பது ஏறக்குறைய நிச்சயமாக இருந்தமையால், தெற்கிலிருந்து வந்த வண்டிகளும் ஓமந்தையைத் தாண்டியதும் அடங்கி ஓடின. துப்பாக்கியின் நிழலில் விளைந்த ஒழுங்கை நாம் முன்மாதிரியாகக் காட்டவில்லை. அச்சத்தின்மேற் கட்டிய ஒழுங்கு அச்சம் நீங்கியதும் சரிந்துவிடும் என்பதையும் பார்த்துவிட்டோம். ஆயினும், வேகத்தைக் கட்டுப்படுத்தியது சிறையாண்டுகளின் எண்ணிக்கையன்று, ஒவ்வொரு நாளும் ஒருவன் வீதியில் நின்று பார்த்தமையே என்னும் பாடம் பாடமே.

எமது நாட்டுச் சட்டம் வெறுமையானதன்று. விபத்து நேர்ந்தால் வண்டியை நிறுத்துவதும், காயமுற்றவர்க்கு உதவுவதும், பொலிசாருக்கு அறிவிப்பதும் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சாரதியின் கடமைகளாகும். கவனயீனத்தால் மரணம் விளைவிப்போருக்கு 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 298ஆம் பிரிவின்கீழ் ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கிறது. இவற்றைப் பத்தாகவும் இருபதாகவும் பெருக்குவதனால் விளையும் பொதுச் செலவு எத்தகையது?

நீதிமன்றத்தை எடுத்துக்கொள்வோம். ஆபத்து பெரிதானால் குற்றத்தை ஒப்புக்கொள்வோர் குறைவர். ஒவ்வொரு வழக்கும் இறுதிவரை போராடப்படும். வழக்கு நீளும்போது அலைக்கழிவது யார்? தவணைக்குத் தவணை கூலிவேலையை விட்டுவிட்டு, முல்லைத்தீவின் உட்கிராமத்திலிருந்து பஸ் ஏறி நீதிமன்ற வாசலில் காத்திருக்கும் விதவையும், தெரியாத்தனமாய்ச் சாட்சி சொல்ல முன்வந்த உழவு இயந்திரக்காரருமே. அடுத்தவர் அதனைக் கண்டு, இனி வீதியில் எவரேனும் கிடந்தாலும் காணாததுபோற் செல்வதே நலம் எனத் தீர்மானிக்கிறார். சிறையையும் பார்ப்போம். எமது சிறைச்சாலைகளில் அடைபட்டிருப்போரிற் பெரும்பாலோர் தீர்ப்பு வழங்கப்பெறாத விளக்கமறியற் கைதிகள். கொள்ளளவை மீறி அவை நிரம்பி வழிகின்றன. அவர்களை ஊட்டிக் காக்கும் செலவு பொதுமக்களின் வரி. வெளியே அவர்தம் குடும்பம் உழைப்பாளியை இழந்து, நுண்கடன்காரரின் வாசலில் நிற்கிறது.

இன்னுமொரு செலவு உண்டு. அதனைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோர் குறைவு. தண்டனை உயர உயர, அதிலிருந்து தப்புவதற்கான விலையும் உயரும். ஐயாயிரத்தில் முடிந்தது ஐம்பதாயிரமாகும், அவ்வளவுதான். கொடுக்க வல்லவன் கொடுத்துத் தப்புவான். கொடுக்க இயலாதவன் சட்டத்தின் முழுக் கடுமையையும் அனுபவிப்பான். முதலாளி தன் மகன் ஓட்டிய வண்டிக்குக் கூலிச் சாரதி ஒருவனைக் குற்றவாளியாக நிறுத்துவதும் அப்போது எளிதாகும். எல்லார்க்கும் ஒன்றுபோல எழுதப்பட்ட கடுமை, வர்க்க வேறுபாடுள்ள சமுதாயத்தில் எல்லார்மீதும் ஒன்றுபோல விழுவதில்லை.

வன்னிக்கே உரிய ஒரு துன்பத்தையும் இங்கு சொல்லியாக வேண்டும். 'உடனே பொலிசாருக்கு அறிவி' என்று கட்டளையிடும் சட்டம், பொலிஸ் நிலையத்தின் வாசலை அச்சமின்றி மிதிக்கக்கூடிய குடிமகன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்கிறது. சோதனைச் சாவடிகளுக்கிடையே பிறந்து, விசாரணை என்ற சொல்லைக் கேட்டால் தாயின் முகம் வெளிறுவதைப் பார்த்து வளர்ந்த இளைஞனிடம் அந்தக் குடிமகன் இலன். தமிழும் அரச கருமமொழி என அரசியலமைப்பு 1987ஆம் ஆண்டின் திருத்தத்திலிருந்து கூறிவருகிறது. ஆனால் வாக்குமூலத்தைத் தமிழிற் கேட்டுத் தமிழில் எழுத வல்லோர் எல்லா நேரத்திலும் எல்லா நிலையங்களிலும் இருப்பதில்லை. தான் சொன்னது என்னவென்று தன்னால் வாசிக்க இயலாத தாளில் ஒப்பமிட வேண்டும் என்றால், நேர்மையான மனிதனும் தயங்குவான். இந்தத் தயக்கத்தைப் போக்காமல் தண்டனையை மட்டும் கூட்டுவது, கதவைப் பூட்டிவைத்துவிட்டு உள்ளே வராதவனைத் தண்டிப்பதற்கு ஒப்பாகும்.

சாரதியின் காலை வேகமிதியில் அழுத்துவது எது என்பதையும் கேட்கவேண்டும். டிப்பர்ச் சாரதிக்கு மாதச் சம்பளம் இல்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி. நான்கு நடை போனால் அடுப்பெரியும். ஐந்தாவது நடை போனால் தங்கையின் கொப்பிக்குக் காசு. முதலாளிக்கோ மாதந்தோறும் லீசிங் கட்டவேண்டும். ஆற்றுமணலுக்கும் கிரவலுக்கும் உள்ள வேட்கை, பொழுது விடியுமுன் வண்டியைத் துரத்துகிறது. பஸ்ஸின் கதையும் இதுவே. 1958 ஜனவரியில் நாட்டுடைமையாக்கப்பட்ட பஸ் சேவை, ஆயிரம் குறைகளோடும், மக்கள் சேவையாக ஓடிற்று. 1979ஆம் ஆண்டில் தனியார்க்கு வழி திறந்ததன் பின், ஒரே தரிப்பில் நிற்கும் ஒரே பயணிக்காக இரண்டு பஸ்கள் பந்தயம் ஓடும் காட்சி நாட்டின் வழக்கமாயிற்று. 2016ஆம் ஆண்டின் இறுதியில் பாரிய போக்குவரத்துக் குற்றங்களுக்குக் குறைந்தபட்சம் 25,000 ரூபா அபராதம் என அரசு முன்மொழிந்தபோது, தனியார் பஸ்கள் வேலைநிறுத்தம் செய்தன. பரீட்சைக்கும் வைத்தியசாலைக்கும் போகவேண்டியவர்கள் தெருவில் நின்றனர். பந்தயத்தை ஏற்பாடு செய்த இலாப முறையைத் தொடாமல், பந்தயத்தில் ஓடுவோனை மட்டும் அடிக்க முயன்றதன் விளைவு அது.

அவ்வாறாயின் ஓடியவனை விட்டுவிடச் சொல்கிறோமா? ஒருக்காலும் இல்லை. குற்றுயிராய்க் கிடந்த மனிதனை விட்டு ஓடுவது குற்றம். அதற்குத் தண்டனையும் வேண்டும். அவ்விளைஞனிடமே இதனை நாம் முகத்துக்கு நேரே சொன்னோம், அவன் மறுக்கவில்லை. ஆனால் சட்டம் இரண்டு கைகளோடு இயங்கவேண்டும். ஒரு கை ஓடுவோனைப் பிடிக்கட்டும். மறு கை திரும்பி வருவோனுக்கு வழிவிடட்டும். நின்று உதவியவனுக்கும், ஓடித் தயங்கி ஒரு மணி நேரத்துள் திரும்பியவனுக்கும், விளக்கை மாற்றி வண்டியைக் கழுவி ஒளிந்தவனுக்கும் இடையே தெளிவான படிகள் வேண்டும். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து, காயமுற்றவர் கிடக்கும் இடத்தைச் சொன்னவனுடைய அவ்வழைப்பு அவனுக்குச் சாதகமாக எண்ணப்படும் என்று சட்டத்திலேயே எழுதப்படவேண்டும். 2018ஆம் ஆண்டிலிருந்து அந்த அம்புலன்ஸ் சேவை வடக்கிலும் இயங்குகிறது. எமது பிள்ளைகள் அவ்விலக்கத்தை அறிவார்கள். விபத்தை அறிவிப்பதற்குப் பொலிஸ் நிலையம் மட்டுமே இடமென்றிராமல், அருகிலுள்ள வைத்தியசாலையிலோ கிராம அலுவலரிடமோ அறிவித்தாலும் செல்லும் என்றாக்கினால், கூட்டத்துக்கு அஞ்சுவோனும் போகும் இடமறிவான். வாக்குமூலம் தமிழிலேயே எழுதப்படும் உறுதியும் வேண்டும்.

பொறுப்பு உரிமையாளர் வரை ஏறவேண்டும். அளவுக்கு மீறி ஏற்றச் சொன்னவர், ஓய்வின்றி ஓட்டச் சொன்னவர், தடயத்தை அழிக்கச் சொன்னவர் யாவரும் கூண்டில் நிற்கவேண்டும். நடைக்கூலி ஒழிந்து, நேரவரம்புள்ள சம்பளம் வரவேண்டும். பாடசாலை தொடங்கும், முடியும் வேளைகளில் டிப்பர்கள் ஓடலாகாது என்ற கோரிக்கை மாவட்டக் கூட்டங்களில் எழுவதுண்டு. அது காகிதத்தில் உறங்காமல் வீதியில் நடைமுறையாக வேண்டும். அடையாளங் காணப்படாத வாகனத்தால் இறந்தோர் குடும்பத்துக்கு வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையின் ஊடாக நட்டஈடு பெறும் வழி உண்டு. ஆனால் அப்படியொன்று இருப்பதே எமது கிராமங்களிற் பலர்க்குத் தெரியாது. பால்காரரின் மனைவியும் அறிந்திருக்கவில்லை. இவை யாவற்றுக்கும் பணம் வேண்டும். ஆயினும், பத்து ஆண்டு ஒருவனைச் சிறையில் வைத்துச் சோறிடும் செலவில் எத்தனை வீதிவிளக்குகளை நாட்டலாம் என்று அளந்து பார்த்தபின் பேசுவதே முறை.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் ஒரு பங்குண்டு. கூட்டம் கூடிச் சாரதியை அடிப்பது வீரம் என்னும் எண்ணம் எமது இளைஞரிடையே இன்னும் மறையவில்லை. அந்த ஒவ்வோர் அடியும், அடுத்த விபத்தில் இன்னொரு சாரதியை ஓடவைக்கிறது என்பதை வகுப்பறையில் எடுத்துச் சொல்லவேண்டும். குருதிப் பெருக்கை அழுத்தி நிறுத்தவும், விழுந்தவரின் கழுத்தை அசையாது காக்கவும், அம்புலன்ஸ் வரும்வரை அருகிருக்கவும் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவரால் ஒரு பிற்பகலிற் கற்றுக்கொள்ள முடியும். சாரதியைச் சூழ்ந்து நின்று அடியினின்று காப்பாற்றிப் பொலிசாரிடம் ஒப்படைக்கும் துணிவை, கிராம அபிவிருத்திச் சங்கமும் விளையாட்டுக் கழகமும் வளர்க்கவேண்டும். பொலிஸ் நிலையத்துக்கு அச்சத்தோடு போகும் சாட்சியுடன் துணைக்கு நடக்கத் தமிழ் எழுதத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் போதும்.

அடுத்த முறை சட்டத்தைக் கடுமையாக்கக் கோரும் மகஜர் ஒன்று எம்மிடம் ஒப்பத்துக்கு வருமாயின், அதில் மேலும் சில வரிகளைச் சேர்க்கும்படி கேட்போம்: விளக்கு வேண்டும், சம்பளம் வேண்டும், தமிழில் வாக்குமூலம் வேண்டும், திரும்பி வருவோனுக்கு வழி வேண்டும். இவை சேருமாயின் முதல் ஒப்பம் எம்முடையது.